தெரிந்தும் எறியலாமா?

சூழல் மாசடைதல் பற்றிப் பரீட்சையில் வினா வந்தால் நம் மாணவர் தாராளமாக எழுதுவர். உக்குவன எவை, உக்காதன எவை என அட்டவணையும் போடுவர். ஆனால், இடைவேளை முடிந்தபின் பாடசாலை வளவைச் சுற்றிப் பாருங்கள். புள்ளி வாங்கித் தந்த அறிவு கைக்கு எட்டவில்லை என்பது புலப்படும்.

2017ஆம் ஆண்டு நமக்கு இரு கசப்பான பாடங்களைத் தந்தது. ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து அயல் வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டில் நாடெங்கும் ஏறத்தாழ 1,86,000 பேர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். டெங்கு நுளம்புக்குக் குளம் குட்டை வேண்டியதில்லை. நாம் வீசிய யோகட் கோப்பையிலும் சிரட்டையிலும் தேங்கும் மழைநீரே போதும்.

"நான் குப்பைத் தொட்டியில்தானே போடுகிறேன்" என்று சிலர் கேட்கலாம். நல்லதே, ஆனால் அது பாதி வேலைதான். மிஞ்சிய சோறும் கடதாசியும் ஒரே தொட்டியில் விழுந்தால் கடதாசி நனைந்து பயனற்றுப் போகும். பொலித்தீன் கலந்த சோறு பசளைக்கும் உதவாது. வேறாக வைத்தாலோ, மரக்கறித் தோலும் வாடிய இலையும் சில மாதங்களில் நல்ல பசளையாகும். கடதாசி, போத்தல், தகரம் விலைக்குப் போகும். எல்லாவற்றையும் கலந்து குவித்தால், காற்றுப் புகாத அடியில் அவை அழுகி, தீப்பற்றக்கூடிய மீதேன் வாயு உண்டாகும். மேடு உயர்வது இப்படித்தான்.

எரித்துவிட்டால் தீர்ந்தது என்பாரும் உளர். பிளாஸ்ரிக் எரியும் புகை நஞ்சு. குப்பையை வெளியில் எரிப்பதும், உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டன. சட்டம் வந்துவிட்டது, பழக்கம் வந்ததா?

பழக்கம் ஆண்டுக்கொரு சிரமதானத்தால் வராது. பஸ் யன்னலால் பையை வீசும் தந்தையைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு ஆசிரியரின் பாடமும் ஏறாது. பெற்றோரே, முதற் பாடம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

செய்து பார்க்க: வகுப்பில் இரு தொட்டிகள் வையுங்கள், ஒன்று உக்குவதற்கு, மற்றது உக்காததற்கு. கடதாசியை நனையாமல் ஒரு பெட்டியில் சேருங்கள். நாள்தோறும் மாலையில் இருவர், எது எதில் தவறி விழுந்தது என்று எண்ணிக் கரும்பலகையில் எழுதட்டும். திங்களன்று எழுதிய எண்ணையும் வெள்ளியன்று எழுதியதையும் ஒப்பிடுங்கள். அதுவே உங்கள் உண்மையான பரீட்சைப் புள்ளி.