நாயனக்காரன் நாவில் இருக்க வேண்டிய சொற்கள்

அன்புள்ள தம்பிக்கு,

கச்சேரி முடிந்து ரசிகர்களிடம் நீ பேசியதைக் கேட்டேன். ‘ரீட்’ என்றாய், ‘டிரோன்’ என்றாய். புரியட்டும் என்றுதான் சொல்லியிருப்பாய். சீவாளி, ஒத்து என்று சொல்லிக் கையில் எடுத்துக் காட்டியிருந்தால் இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும்.

குழூஉக்குறி பற்றிப் பள்ளியில் படித்திருப்பாய். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு விளங்கக் கூடாதென்று பிறந்த சொற்கள். கல்யாண வீட்டில் சன்மானத்தைப் பற்றி அப்படி மறைத்துப் பேசும் பழக்கம் உனக்கு வேண்டாம். கூலியை முகத்துக்கு நேரே பேசு.

நான் காப்பாற்றச் சொல்வது வேலைச் சொற்களை. ‘துத்துக்காரம்’ என்ற ஒன்றையே எடுத்துக்கொள். நாக்கு சீவாளியைத் தொட்டுத் தொட்டு ‘து’ ‘து’ என்று காற்றை வெட்டுகிறது. ஸ்வரங்கள் தனித்தனியாக உதிர்கின்றன. நாக்கை எடுத்துவிட்டுக் காற்றை மட்டும் ஓடவிட்டால் அது அகாரம். ஆலாபனையில் எங்கே வெட்ட வேண்டும், எங்கே இழைய வேண்டும் என்பதைக் குரு இந்த இரண்டே சொற்களில் திருத்திவிடுவார். சொல் தெரியாத பிள்ளைக்கு அதையே அரைமணி நேரம் விளக்க வேண்டும்.

கோயிலில் வாசிக்கும் மல்லாரியும் அப்படித்தான். தீர்த்த மல்லாரி என்றால் அபிஷேகத்துக்குத் தண்ணீர் வருகிறது. தளிகை மல்லாரி என்றால் மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் புறப்படுகிறது. தேர் மல்லாரிக்கு விளக்கமே தேவையில்லை. பெயரைச் சொன்னாலே கோயிலில் என்ன நடக்கிறது என்று தவில்காரருக்குத் தெரிந்துவிடும். அவர் பக்கத்துச் சொற்களையும் கேட்டுக்கொள்: வலந்தலை, தொப்பி, விரலில் மாட்டும் கூடு.

புது நாயனம் வாங்க நரசிங்கன்பேட்டைக்குப் போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. அந்த ஊர் நாயனம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. சுருதி உயர்ந்த திமிரியா, பாரியா என்பதை முன்பே முடிவு செய்துகொள். ராஜரத்தினம் பிள்ளை நிலைநாட்டிய பாரி தாழ்ந்த சுருதி, இரண்டு இரண்டரைக் கட்டை. காசைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாதே. ஆச்சா மரத்தில் உலவு என்னும் குழலைக் கடைவதையும் அடியில் அணசு என்னும் விரிந்த வாயைப் பொருத்துவதையும் நின்று பார். கீழ்த் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வதை முக்கியமாகக் கவனி. ஊரில் திருவிழா நடுவே சுருதி விலகினால் அந்த மெழுகை நீயேதான் தொட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்