கட்டமும் காயும்

விளையாட்டென்றால் வீண்பொழுது எனக் கருதும் பெரியோர் நம்மிடைப் பலர். ஆயினும் குழந்தைகளின் உள்ளத் துயரைத் தீர்க்கப் புகுந்த அறிஞர், கட்டம் வரைந்த பலகை ஒன்றையும் நான்கு காய்களையும் மேசைமேல் வைத்துக்கொண்டு தம் தொழிலைச் செய்கின்றனர். அஃது எவ்வாறு பயன்படுகின்றது என்பதைச் சிறிது ஆராய்வாம்.

வளர்ந்தோர் தம் துயரத்தைச் சொல்லால் உரைப்பர். ஆறு வயதுக் குழந்தைக்கு அச்சொல் இன்னும் வாய்க்கவில்லை. எதிரே அமர்ந்து, "உன் மனத்தில் என்ன வருத்தம்?" என வினவினால், அது தன் காற்பெருவிரலை நோக்கியவாறு வாளா இருக்கும். ஆகவே குழந்தைக்கு இயல்பான மொழி விளையாட்டே எனக் கொண்டு, அம்மொழியிலேயே அதனோடு உரையாடும் முறை சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மேனாட்டில் தோன்றிற்று. அன்னா பிராய்டு, மெலனி கிளைன் என்னும் அம்மையார் இருவரும் இதற்கு அடிகோலியோருள் தலையாயோர். அமெரிக்க நாட்டு வர்ஜீனியா ஆக்ஸ்லைன் அம்மையார் 1947-இல் இது பற்றித் தனி நூலே எழுதினார். பாவையும் மணலும் கொண்டு குழந்தை தன் விருப்பம்போல் ஆடும் அம்முறையில் விதி மிகக் குறைவு. விதியுடைய ஆட்டங்களைச் சிகிச்சைக்குத் தனியே எடுத்தாளும் ஆராய்ச்சி பின்னரே விரிந்தது. சார்ல்ஸ் ஷேபர், ஸ்டீவன் ரீட் என்போர் 1986-இல் அதற்கென ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டனர்.

விதியுடைய ஆட்டத்திற்கு என்ன தனிச்சிறப்பு? வள்ளுவர் கல்லாமை அதிகாரத்தில், நூலறிவின்றி அவையிற் பேசுவோனைக் கட்டம் வகுக்காமலே வட்டாடப் புகுந்தவனோடு ஒப்பிடுகின்றார். அக்கட்டத்திற்கு அவர் இட்ட பெயர் அரங்கு. அரங்கு என்பது ஓர் எல்லை. அவ்வெல்லைக்குள் காத்திருத்தல், பிறர்க்கு முறை விடுதல், முந்துதல், பிந்துதல், சினத்தை விழுங்குதல் ஆகிய யாவும் சிற்றளவில் நிகழ்கின்றன. ஆட்டம் முடிந்தவுடன் காய்களைப் பெட்டியிலிட்டு மூடிவிடலாம். வீட்டிலும் பள்ளியிலும் நேரும் தோல்வியை அவ்வாறு மூடிவைத்தல் இயலுமோ?

விதியைக் குழந்தை எவ்வாறு உணர்கின்றது என்பதைச் சுவிட்சர்லாந்து தேசத்து ஜீன் பியாஜே, சிறுவர் கோலியாடுவதைக் கூர்ந்து நோக்கி ஆராய்ந்து, 1932-இல் வெளிவந்த நூலில் விளக்கினார். சிறு பிள்ளைகள், விதி மூத்தோர் வகுத்தது, மாற்றொணாதது என்று கூறுவர். கூறிக்கொண்டே தம் மனம்போல் ஆடுவர். பத்துப் பன்னிரண்டு வயதை எட்டியோரோ, விதி தாமே கூடி உடன்பட்டது, எல்லாரும் இசைந்தால் திருத்தலாம் என உணர்வர். ஆதலின், ஐந்து வயதுப் பிள்ளை தன் காயை இரண்டு கட்டம் மிகுதியாக நகர்த்தியபோது, "கள்ளன்!" என்று கடிதல் பேதைமை. பயிற்சி பெற்ற மருத்துவர் அந்நிலையில் கடியார். எந்நேரத்தில், எதற்கு அஞ்சிக் காய் தாண்டிற்று என்பதனையே குறித்துக்கொள்வர்.

ஆட்டத்தைத் தேர்தலில் அவர் திறம் விளங்கும். தோல்வியைச் சிறிதும் பொறாது பலகையைக் கவிழ்த்துவிடும் குழந்தைக்குச் சதுரங்கம் ஆகாது. அதிற்றோற்றல் தன் அறிவின் குறையெனத் தோன்றும். பகடை விழுந்தவாறு நடக்கும் ஆட்டமே அதற்கு ஏற்றது. வைகுண்ட ஏகாதசி இரவில் நம் நாட்டார் ஆடும் பரமபதம் இவ்வகையினது. ஏணியும் பாம்புங் கொண்ட இந்நாட்டு ஆட்டத்தையே ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். பாம்பு விழுங்குவது யார் குற்றமும் அன்று. மருத்துவரையும் அது விழுங்கும். எழுத்தறியாத குழந்தைக்கு 'கேண்டி லேண்டு' என்பது உதவும். எலனார் அபட்டு என்னும் ஆசிரியை, இளம்பிள்ளை வாத நோயால் சான் டியாகோ நகர மருத்துவமனையிற் கிடந்த காலத்தில், அங்கு உடன் துன்புற்ற சிறார்க்காக அதனை அமைத்தார். 1949-இல் அது விற்பனைக்கு வந்தது. நிறம் அறிந்தாற் போதும், ஆடலாம். நோயுற்ற குழந்தைகளின் நீண்ட பகலைக் கழிக்கப் பிறந்த ஆட்டம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பேசவே மறுக்கும் பிள்ளைகளுக்கென ரிச்சர்டு கார்டனர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1973-இல் ஓர் ஆட்டத்தை வகுத்தார். காய் நிற்கும் கட்டத்தின் நிறத்திற்கேற்பச் சீட்டொன்றை எடுத்தல் வேண்டும். ஒருவகைச் சீட்டு ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்லும். ஒருவகை உணர்ச்சியை வினவும். ஒருவகை ஏதேனும் செய்யச் சொல்லும். விடையளித்தார்க்கு ஒரு வில்லை கிடைக்கும். குழந்தை வில்லையைப் பெற விழைந்து, வேறெங்கும் சொல்லாததைச் சொல்லிவிடும். மருத்துவரும் தம் முறை வருங்கால் விடையளிப்பதால், அஃது நீதிமன்ற விசாரணைபோல் ஆவதில்லை. தமிழ் பயில்வார்க்கு இவ்விடத்துத் தொல்காப்பியர் நினைவு வருதல் இயல்பே. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாட்டை எட்டாகப் பெயரிட்டு வைத்த மொழி நம்முடையது. 'கோபம்' என்ற ஒரு சொல்லையே அறிந்த குழந்தைக்கு, அது கோபமன்று, அச்சம் என்று பெயர் காட்டுவதே பாதிச் சிகிச்சை.

பிறரோடு ஓயாது பூசலிடும் குழந்தைகளுக்கு வேறொரு வகை உண்டு. செருமானிய நாட்டில் 1986-இல் வெளிவந்த 'ஓப்ஸ்ட்கார்ட்டன்' என்னும் பழத்தோட்ட ஆட்டத்தில் நான்கு மரங்கள், மரத்திற்குப் பத்துப் பழங்கள். ஆடுவோர் யாவரும் ஒருபக்கம். எதிரி ஒரு காகம். ஒன்பது துண்டுகளாலான காகத்தின் உருவம் நிறைவதற்குள் எல்லாப் பழங்களையும் பறித்துவிட்டால் அனைவர்க்கும் வெற்றி. இன்றேல் அனைவர்க்கும் தோல்வி. நேற்று ஒருவனையொருவன் கிள்ளிய இருவர், இன்று காகத்தை வைதுகொண்டு ஒன்றாய் அமர்ந்திருப்பர்.

ஆட்டப் பலகை தானே மருந்தாகிவிடாது. கடுந்துயருற்ற குழந்தையைப் பயிற்சி பெற்றோரிடம் சேர்ப்பித்தலே கடன். தாயக்கட்டை வாங்கிக் கொடுத்து அமைதல் தகாது.

இனி, குழந்தையை வேண்டுமென்றே வெல்லவிடலாமா என்பது பெரிதும் வினவப்படுவது. தொடக்கத்தில் ஓரிருமுறை அவ்வாறு செய்தல் தகும் என்பாரும் உளர். எனக்கு அது முழுதும் உடன்பாடன்று. குழந்தைகள் நாம் நினைப்பதினும் கூரியவர். விட்டுக்கொடுத்த வெற்றியை அறிந்துகொள்வர். அறிந்தபின் நம் புகழுரை எதனையும் நம்பார். எங்கள் பாட்டியார் பல்லாங்குழியிற் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு முத்தும் விட்டவரல்லர். எனினும் அவர் மடியைத் தேடியே யாவரும் ஓடினோம். விட்டுக்கொடுப்பதினும் நன்று, தோற்கும் முறையைக் காட்டுதல். மருத்துவர் தாம் தோற்றவிடத்து, வாய்விட்டே, "எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது, வயிற்றில் ஏதோ செய்கிறது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன். இன்னோர் ஆட்டம் ஆடுவோமா?" என்பர். குழந்தை அதனைக் கேட்டுக்கொண்டே காய்களை மீண்டும் முதற்கட்டத்தில் அடுக்கும்.