தையல் முன்னாலா, பின்னாலா?

கேள்வி: நார்மண்டி தரையிறக்கத்தை வேடமிட்டு நடித்துக்காட்டும் குழுவினர், வியட்நாம் போர்க்கால ஹெல்மெட்டை வாங்கி 1944-ஆம் ஆண்டுச் சரக்காக மாற்றிவிடுகிறார்களாமே! யாரும் கண்டுபிடிக்க மாட்டார்களா?
- வாசகர், திருச்சி

பதில்: பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. அமெரிக்காவின் எம்-1 ஹெல்மெட் 1941-இல் வந்தது. ஏறக்குறைய அதே வடிவம் 1980-கள் வரை நீடித்தது. அசல் விலை எக்கச்சக்கம் என்பதால் பிற்காலத்ததை வாங்கி மாற்றுகிறார்கள்.

முதலில் வியட்நாம் காலத்து இலைப்படத் துணியுறையைக் கழற்றி, வலை போடுவார்கள். கரும்பச்சை நாடாவை நீக்கிவிட்டுக் காக்கி நிற நாடாவை இரும்பு வளையத்தோடு சேர்த்துத் தைப்பார்கள். கொக்கியில் மாட்டும் நாடா பிற்காலத்தது. பழைய வண்ணப்பூச்சில் தக்கைத் தூள் கலந்திருந்ததால் அதையும் தூவிப் பச்சை அடிப்பார்கள். உள்கூட்டின் தோல் வார், விளிம்புக்கு மேலே வந்து உட்கார வேண்டும்.

ஆனால் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விளிம்பைச் சுற்றியுள்ள உலோகப் பட்டையின் இரு முனைகளும் சேரும் 'தையல்', 1944-இன் பிற்பகுதி வரை நெற்றிப் பக்கம் இருந்தது. பிறகுதான் பின்மண்டைக்குப் போனது. அந்த ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டியில் கரையிறங்கிய சிப்பாயின் தலையில் பின்தையல் ஹெல்மெட் இருக்க வழியே இல்லை! விஷயம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது அதைத்தான். 1960-களில் வந்தவை கொஞ்சம் ஆழம் குறைந்தவை வேறு. அதற்கு எந்தப் பெயின்ட்டும் உதவாது.

மாற்றுவதில் தவறில்லை. மாற்றியதை அசல் என்று விற்றால் அது மோசடி.