வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்றப்போகிறீர்களா?

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் 80, 90களில் எடுத்த கல்யாண, காதுகுத்து கேசட்டுகள் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. 2018 கஜா புயலில் நனைந்தவை போக மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் டெக் தயாரிப்பை நிறுத்தியதோடு புது டெக்கும் இல்லாமல் போனது. படத்தின் தரம் கணினிக்கு வருவதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. அதனால் முதல் ஆறு குறிப்புகளில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

1. கேசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள். நாடாச் சுருளில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூசணம். அந்தக் கேசட்டை டெக்கில் போடாதீர்கள். பூசணம் டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். பூசணம் நீக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஈரப்பதம் மட்டும் என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் வைக்கலாம். வெயிலில் காயப்போட்டால் நாடா நெளியும். அரிசிப் பானைக்குள் வைத்தால் தவிட்டுத் தூசி ஏறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். தை அறுப்பு முடியட்டும்.

2. கேசட்டின் முதுகில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் படம் அழியாது.

3. கடைசிவரை ஒருமுறை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். நாடாவின் இழுவை சீராகும்.

4. ஹெட்டைச் சுத்தம் செய்ய பஞ்சுக்குச்சி கூடவே கூடாது. நூல் மாட்டி ஹெட் முனை உடையும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல்துண்டை ஹெட் உருளைமேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் உருளையை மெதுவாகச் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் போயிற்று.

5. ஒவ்வொரு கேசட்டுக்கும் டிராக்கிங்கைத் தனியாகச் சரிசெய்யுங்கள். கோடுகள் நகர்ந்து நகர்ந்து திரையை விட்டுப் போகும்வரை திருகுங்கள்.

6. ஆன்டெனா ஒயர் இணைப்பு வேண்டாம். மஞ்சள் பின்னைப் பயன்படுத்துங்கள். எஸ்-விஎச்எஸ் டெக் கிடைத்தால் எஸ்-வீடியோ ஒயரே மேல். ஒளியும் நிறமும் தனித்தனியே வருவதால் நிறம் கசியாது. படத்தின் மேல்பகுதி வளைந்து ஆடினால், டைம் பேஸ் கரெக்டர் உள்ள டெக் அல்லது பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டர் வழியாகக் கணினிக்குக் கொடுங்கள்.

7. நம் ஊர், சிங்கப்பூர், வளைகுடா கேசட்டுகள் பெரும்பாலும் பால் முறை: 720×576, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்காவிலிருந்து வந்தது என்டிஎஸ்சி: 720×480, 29.97.

8. வீடியோக்காரரின் ஃபோகஸ் லைட்டில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெறும் வெள்ளையாகிவிடும். கேப்சர் தொடங்கும் முன்பே பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட்டைக் குறைத்து, வேட்டியின் மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். கேப்சரில் போன மடிப்பு எந்த மென்பொருளிலும் திரும்பாது.

9. நேரடியாக எம்பி4 ஆகப் பதிய வேண்டாம். விர்ச்சுவல்டப் மென்பொருளில், தரம் குறையாத ஹஃப்ஒய்யுவி முறையில் பதியுங்கள். மணிக்குச் சுமார் 30 ஜிபி பிடிக்கும், பரவாயில்லை.

10. கை அசையும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு வந்தால் அதை நீக்கும் கியூடிஜிஎம்சி ஸ்கிரிப்ட் கொண்டு, பால் கேசட்டை நொடிக்கு 50 ஃபிரேமாகப் பிரியுங்கள். புள்ளி நீக்கும் வசதியைக் கொஞ்சமாகவே தொடுங்கள். கூட்டினால் ஆத்தாவின் முகச் சுருக்கமும் மூக்குத்திப் பொட்டும் சேர்ந்தே அழியும்.

11. 4:3 விகிதத்தை மாற்றாதீர்கள். அகலத் திரைக்காக இழுத்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். மூலப் பதிவை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்.