டைக்கியா: முள்செடி பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் வரையிலான தொழிற்பகுதியில் எங்கு தோட்டம் போட்டாலும் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று கத்திரி வெயில், மற்றொன்று ஐப்பசி கார்த்திகை அடைமழை. இரண்டையும் தாங்கும் அழகுச் செடி வேண்டும் என்பவர்களுக்கு டைக்கியா நல்ல தேர்வு. தடித்த இலைகள் வட்டமாக அடுக்கியிருக்கும், விளிம்பெல்லாம் முள். ஆனால் இதைப் பற்றிச் சொல்லப்படுபவற்றில் பல, வேறு செடிகளுக்கு உரியவை. அவற்றை நம்பி வளர்த்தால் செடி வாடும். பராமரிப்பவரின் கையும் கிழியும்.

நம்பிக்கை: இது ஒரு கற்றாழை.

உண்மை: இது அன்னாசியின் குடும்பம். அதன் பெயர் புரோமிலியேசியே. டைக்கியா இனங்களில் பெரும்பாலானவை பிரேசிலின் பாறை நிலங்களைச் சேர்ந்தவை. சதைப்பற்றுச் செடிகளை ஆராய்ந்த ஜெர்மன் பிரபு சால்ம்-டைக்கின் நினைவாக 1830-இல் இந்தப் பெயர் வைத்தார்கள்.

அடையாளம் காண்பது கடினமல்ல. சோற்றுக்கற்றாழை மடலைக் கீறினால் மஞ்சள் நிறச் சாறும் கொழகொழப்பான சோறும் வரும். டைக்கியா இலையோ நார் மிகுந்து விறைப்பாக இருக்கும். ஆனைக்கற்றாழையின் மடல் நுனி கறுத்த கூரிய முள்ளில் முடியும். டைக்கியாவில் முக்கியமானது விளிம்பில் ஓடும் முள்வரிசைதான். இலையின் அடிப்பக்கத்தில் வெண்செதில்கள் நீளவாக்கில் கோடுகளாகத் தெரியும்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த மெக்சிகோவின் ஹெக்டியா செடிதான் நிபுணர்களையும் குழப்பும். இரண்டையும் பிரித்தறியப் பூ வரும்வரை காத்திருக்க வேண்டும். ஹெக்டியாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. டைக்கியாவின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பூக்கள் இருபால் பூக்கள்.

நம்பிக்கை: பாலைவனச் செடி, தண்ணீரே வேண்டாம்.

உண்மை: வறட்சியைத் தாங்கும், ஆனால் விரும்பாது. நாள்கணக்கில் காய்ந்தால் இலை நுனி கருகும், வளர்ச்சி நின்றுவிடும். கோடையில் மண்ணின் மேல்பகுதி காய்ந்ததும் வேர்வரை நனையும்படி ஊற்றுங்கள்.

கெடுதல் வருவது தேங்கும் நீரால். புதிய மனைகளில் சவுடு கொட்டி மேடாக்கிய மண் இறுகிப்போனால் மழைநீர் இறங்காது. அங்கே குழி தோண்டி நட்டால் வேர் அழுகும். மேடு கட்டி, செம்மண்ணுடன் பருமணலும் பொடி ஜல்லியும் மட்கிய தொழுவுரமும் கலந்து நடுங்கள். தொட்டியென்றால் அடித்துளை அடைபடாமல் பாருங்கள்.

நம்பிக்கை: நடுக்குருத்தில் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும்.

உண்மை: அது குஸ்மேனியா, நியோரெகெலியா போன்ற உறவுச் செடிகளுக்கான முறை. அவற்றின் இலைகள் கூடி நீர்த்தொட்டியாகும். அந்த நீரை வாரத்துக்கு ஒருமுறையாவது மாற்றாவிட்டால் கொசுப்புழு வளரும். டைக்கியாவுக்கு அப்படித் தொட்டி கிடையாது, அது வேரால்தான் குடிக்கிறது. ஆனால் பூந்தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் நீர் நின்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அங்கேயும் முட்டையிடும்.

நம்பிக்கை: பூத்தால் செத்துவிடும்.

உண்மை: ஆனைக்கற்றாழை ஒருமுறை பூத்து மடிவது உண்மை. அதன் பூத்தண்டு நடுவிலிருந்து எழும். டைக்கியாவில் பூத்தண்டு பக்கவாட்டில் கிளம்புகிறது. நடுக்குருத்து தொடர்ந்து வளரும், மறுபடியும் பூக்கும். பூத்த செடியைப் பிடுங்கி எறியாதீர்கள்.

நம்பிக்கை: விதை போட்டால் அதே செடி வரும்.

உண்மை: டைக்கியா இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலக்கும். கலப்புச் செடியின் விதையில் முளைப்பவை ஒன்றுபோல இரா. வாங்கிய அதே வடிவம் வேண்டுமானால் பக்கக்கன்றைப் பிரித்து நடுங்கள். நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்லவும் கூடாது. வெயிலில் செக்கச்செவேலென்று இருந்த செடி நிழலுக்கு வந்தால் பச்சையாக மாறிவிடலாம்.

நம்பிக்கை: இரவில் ஆக்சிஜன் தரும், காற்றைச் சுத்தமாக்கும்.

உண்மை: இது இரவில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடைச் சேமிக்கிறது. ஆக்சிஜன் உண்டாவது பகல் வெளிச்சத்தில்தான். செடி அறைக்காற்றைச் சுத்திகரிக்கும் என்ற பேச்சு, 1989-இல் நாசா மூடிய பெட்டிகளில் செய்த சோதனையிலிருந்து பரவியது. பழைய சோதனைகளை அலசி 2019-இல் வெளியான ஆய்வு, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாகவே ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டது. சுற்றுச்சூழல் அனுமதியில் ஆலைகளுக்கு விதிக்கப்படும் பசுமைப் பரப்பை மரங்களால்தான் நிறைவேற்ற வேண்டும். வேம்பும் புங்கனும் செய்யும் வேலையைத் தொட்டிச்செடி செய்யாது.

நம்பிக்கை: முள்ளில் விஷம் இருக்கிறது.

உண்மை: விஷம் கிடையாது, காயம் உண்டு. பல வகைகளில் முட்கள் கொக்கிபோல வளைந்திருக்கும். கை உள்ளே போவது எளிது, வெளியே எடுக்கும்போது கிழிக்கும். எனவே நடைபாதை ஓரத்திலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வேண்டாம். களையெடுக்கவும் கன்று பிரிக்கவும் தடித்த தோல் கையுறையும் நீண்ட இடுக்கியும் தேவை. ஆலைத் தோட்டங்களில் இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். செடி வாங்கும் பட்டியலிலேயே அவர்களுக்கான கையுறையையும் சேர்ப்பது நிர்வாகத்தின் கடமை. செடியின் பெயரையும் நீர் விடும் முறையையும் தமிழில் எழுதி அருகில் நட்டுவைத்தால் செடியும் பிழைக்கும், பராமரிப்பவர் கையும் தப்பும்.