டர்போ டீசல் லோடு வண்டி நீடித்து உழைக்க 8 குறிப்புகள்

தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்ற சிறிய லோடு வண்டிகளை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. இவற்றின் இழுவைக்குக் காரணம் டர்போ. என்ஜின் வெளியேற்றும் புகையின் வேகத்தில் அது நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான்.

1. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஆயில் டர்போ வரை ஏற அரை நிமிடம் கொடுங்கள்.

2. லோடோடு மேடேறி வந்தால் உடனே ஆஃப் செய்யாதீர்கள். ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். இல்லாவிட்டால் டர்போவில் தேங்கிய ஆயில் சூட்டில் கருகி, பேரிங் தேயும்.

3. வாரம் ஒருமுறை, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் ஆபத்து. டீசல் ஆயிலில் கலந்திருக்கலாம். கையேட்டில் உள்ள கிரேடு ஆயிலையே ஊற்றுங்கள்.

4. செங்கல் சூளை, மணல் பாதை என ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைச் சீக்கிரமே மாற்றுங்கள். கிழிந்த ஃபில்டர் வழியே நுழையும் தூசி டர்போவின் இறக்கைகளை அரித்துவிடும்.

5. இழுவை குறைந்து, கரும்புகையோடு விசில் சத்தமும் வருகிறதா? டர்போவைக் கழற்றும் முன் இன்டர்கூலர் ஹோஸையும் கிளிப்பையும் பாருங்கள். பல நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும்.

6. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்தால் ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை அழையுங்கள்.

7. டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். காமன் ரெயில் என்ஜினில் டீசல் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. தண்ணீர் கலந்தால் இன்ஜெக்டர் பழுதாகும். இந்த உயர் அழுத்தத்தால், என்ஜின் ஓடும்போது டீசல் பைப்பைத் தளர்த்தவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். சிறு துளையானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

8. டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பிஎஸ்-6 வண்டியில் அதற்கான விளக்கு எரிந்தால், கையேட்டில் சொன்னபடி நிற்காமல் சற்றுத் தூரம் ஓட்டுங்கள். சேர்ந்த கரி எரிந்துவிடும். டிபிஎஃப்பைக் கழற்றி எறியச் சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டத்துக்கும் நம் மூச்சுக்கும் விரோதம்.

வண்டியை ஓட்டுபவர் வேறொருவர் என்றால் இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். என்ஜின் ஆற வேண்டிய அந்த ஓரிரு நிமிடத்தில் அவரை அவசரப்படுத்தாதீர்கள்.