உள்ளே விடுகிறது, பட்டியல் தர மறுக்கிறது

கேள்வி: அச்சகம் நடத்துகிறேன். வாடிக்கையாளர்கள் பெரிய டிசைன் ஃபைல்களை அனுப்புவதற்காக உபுண்டு கணினி ஒன்றில் வி.எஸ்.எஃப்.டி.பி.டி. போட்டு எஃப்.டி.பி. சர்வர் வைத்திருக்கிறோம். அலுவலகத்துக்குள் நன்றாக ஓடுகிறது. வெளியிலிருந்து வருபவர்களிடம் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்கிறது. அதன்பின் ஃபைல் பட்டியல் வராமல் நின்று, கடைசியில் 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்கிறது. ரவுட்டரில் 21-ஆம் போர்ட்டைத் திறந்தாயிற்று. உபுண்டுவின் ஃபயர்வாலையும் அணைத்துப் பார்த்துவிட்டேன். சர்வரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?

பதில்: வேண்டாம். பாஸ்வேர்டு ஏற்கப்படுகிறது என்றாலே சர்வர் ஓடுகிறது, 21 திறந்திருக்கிறது, பயனர் கணக்கும் சரி. முதல் வேலையாக ஃபயர்வாலை மறுபடி போடுங்கள். அது இல்லாமல் ஒரு நிமிடம்கூட அந்தக் கணினி இணையத்தை நோக்கி நிற்கக் கூடாது.

எஃப்.டி.பி. ஒரே இணைப்பில் முடிவதில்லை. கட்டளைகள் 21 வழியாகப் போகும். பட்டியலுக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாக இன்னொரு இணைப்பு வேண்டும். 'பாசிவ்' முறையில் அந்த இரண்டாவது இணைப்புக்கான முகவரியையும் போர்ட்டையும் சர்வரே சொல்லும். எம்.ஐ.டி.யில் அபய் பூஷண் 1971-இல் எஃப்.டி.பி.யின் முதல் வடிவத்தை எழுதியபோது, ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் உள் முகவரிகள் என்ற சிக்கலே கிடையாது.

கிளையன்ட் மென்பொருளின் லாகில் 227 என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். 192,168,1,10,156,64 என்பதுபோல ஆறு எண்கள் இருக்கும். முதல் நான்கும் முகவரி. ஐந்தாவதை 256-ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் போர்ட்: இங்கே 40000. 192.168 என்று தொடங்குவது உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் செல்லும் முகவரி; வெளியூரிலிருந்து அதைத் தொட முடியாது. ஃபைல்ஸில்லா போன்றவை இந்தத் தவறைத் தாமே கண்டு சரியான முகவரிக்குப் போகும். ஆனாலும் ரவுட்டரில் 21 மட்டுமே திறந்திருப்பதால் அங்கே முட்டி நிற்கும். உபுண்டுவின் ஃபயர்வாலை அணைத்தும் பலன் இல்லாததற்கு அதுதான் காரணம்.

வி.எஸ்.எஃப்.டி.பி.டி.யின் கான்ஃபிக் ஃபைலில் 'பாஸ்வ்_மின்_போர்ட்' 40000, 'பாஸ்வ்_மேக்ஸ்_போர்ட்' 40050 என்று வையுங்கள். 'பாஸ்வ்_அட்ரஸ்' என்பதில் உங்கள் வெளி ஐ.பி. முகவரியைக் கொடுங்கள். அதே போர்ட் வரிசையை ரவுட்டரிலும் ஃபயர்வாலிலும் திறந்து, சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதற்குப் பிறகு அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கும் வெளி முகவரியே சொல்லப்படும். சில ரவுட்டர்கள் அப்படிச் சுற்றி வருவதை அனுமதிக்காது. உள்ளே தடைபட்டால் அதைச் சந்தேகியுங்கள்.

வேறு பிழை வந்தால் அதன் சொற்களைக் கவனியுங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் சர்வர் ஓடவில்லை. 530 என்றால் பயனர் பெயரையோ பாஸ்வேர்டையோ சர்வர் ஏற்கவில்லை.

இவ்வளவும் செய்து ஓடவைத்தாலும், சாதாரண எஃப்.டி.பி.யில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமலே பயணிக்கிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இலேயே இதைக் கைவிட்டுவிட்டன. ஓபன் எஸ்.எஸ்.எச்.சுடன் வரும் எஸ்.எஃப்.டி.பி.க்கு 22 என்ற ஒரே போர்ட் போதும்; எல்லாம் குறியாக்கத்துடன் போகும், ஃபைல்ஸில்லாவிலும் ஓடும். மேலே சொன்ன திருத்தத்தை இன்றைய வேலை நிற்காமல் இருக்கச் செய்யுங்கள். வாடிக்கையாளர்களை இந்த மாதத்துக்குள் எஸ்.எஃப்.டி.பி.க்கு மாற்றிவிடுங்கள்.